பதிமுகச் சாயம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: மர அம்புத்தண்டுகளுக்குப் பதிமுகம் என்ற சிவப்புச் சாயக் கட்டையின் தூளிலும் இறகுகளுக்கு மஞ்சளிலும் சாயம் ஏற்றினேன். சில வாரங்களிலேயே வெளிறிவிட்டது. ஈரம் பட்டால் தண்டின் சிவப்பு கையில் ஒட்டுகிறது. ஒரு விற்பனையாளர், நிறம் போகாத இயற்கைத் தூளும், சாயத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸரும் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குறை உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை. பதிமுகம், மஞ்சள் இரண்டுமே வெயில் தாங்காத சாயங்கள். எதைச் சேர்த்தாலும் அந்தக் குணம் போகாது. சிவப்புக்கு மஞ்சிட்டி வேர், பழுப்புக்கு வால்நட் காயின் மேல்தோல் என்று மாறிக்கொள்ளுங்கள்.

அந்த ஃபிக்ஸர் விஷயம். இப்படி வரும் பொட்டலங்களில் நான் பார்த்தவை படிகாரமும் சமையல் உப்பும்தான். படிகாரம் வேலை செய்யும், ஆனால் அதை அதன் பெயரிலேயே வாங்கலாமே! உப்பு எந்தச் செடிச் சாயத்தையும் மரத்தில் பிடித்து வைக்காது. தூளாக எதையும் வாங்காதீர்கள். சிராயாகவோ வேராகவோ வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிய பதிமுகத் தூளைச் சோதிக்க, வடிநீரை இரண்டு வெள்ளைக் கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சளாகத் திரும்ப வேண்டும். மற்றதில் சிட்டிகை சலவைச்சோடா போட்டால் அடர் சிவப்பாக வேண்டும். இரண்டிலும் நிறம் அசையாமல் நின்றால் அது பதிமுகமே அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாமல் ‘இயற்கை’ என்று மட்டும் அச்சடித்த பொட்டலங்கள் தாராளமாக விற்பனையாகின்றன. கேட்பாரில்லை. சோதனையை வாங்குபவர் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். வருடக்கணக்காக இதே கதைதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். இறகும் மரமும் ஒரே மாதிரி சாயம் குடிப்பதில்லை. இறகு, கம்பளியைப் போலப் புரதம். படிகாரத்தைப் பற்றிக்கொண்டு சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே மென்மையான சோப்பில் எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுங்கள். இறகின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரத்தை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, இரவு முழுக்க ஊறவிடுங்கள். அப்புறம் மஞ்சிட்டி நீரில் ஒரு மணி நேரம். கொதிக்கவே கூடாது: இறகு சுருண்டுவிடும், மஞ்சிட்டியும் பழுப்படிக்கும். உலர்ந்தபின் நசுங்கித் தெரிந்தால் ஆவியில் காட்டுங்கள், இழைகள் விரிந்துகொள்ளும்.

மரத்தை ஊறப்போடாதீர்கள், தண்டு உப்பி வளையும். சாயத்தைச் சுண்டக் காய்ச்சித் துணியால் தேய்த்து, காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தடவி, மறுபடி தேய்க்க வேண்டும். கையில் ஒட்டாமல் காப்பது மேற்பூச்சுதான். அவலரக்கை (ஷெல்லாக் மெருகு) மெல்லியதாக, ஒரே இழுப்பில் பூசுங்கள். திரும்பத் திரும்பத் தேய்த்தால் சாயம் கலங்கும். ஆளிவிதை எண்ணெய் என்றால் இறகு ஒட்டும் இடத்தை விட்டுவிடுங்கள், பசை பிடிக்காது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடியது அது.

கறுப்பு மட்டும் விதிவிலக்கு. மரத்துக்குள்ளேயே உருவாகும் நிறம் அது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கடுக்காய்க் கஷாயத்தை முதலில் பூசி, காய்ந்ததும் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்த நீரைத் தடவுங்கள். கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு கறுக்கும். ஓக் போலத் தானே துவர்ப்புள்ள மரத்துக்குக் கடுக்காய் தேவையில்லை. பைன், பிர்ச் தண்டுகளுக்குக் கட்டாயம் வேண்டும். அம்பறாத்தூணித் தோலிலும் இது நடக்கும், ஆனால் மரப்பட்டையில் பதனிட்ட தோலாக இருக்க வேண்டும். குரோமியத்தில் பதனிட்டது கறுக்காது. தோல் கறுத்ததும் சமையல் சோடா கலந்த நீரால் துடைத்துப் புளிப்பை எடுத்துவிடுங்கள். இந்த இரும்பு நீர் சணல்நார் நாணிலோ பட்டு நாணிலோ ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. இரும்பு நாரை மெல்ல அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இழுத்துப் பிடித்திருக்கும்போது நாண் அறுந்தால் வில்லே உடையலாம்.

போட்டிக்குப் போகிறவராக இருந்தால், ஒரு சுற்றில் எய்யும் அம்புகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. உடைந்தால் மாற்ற நாலைந்து கூடுதலாகச் சேர்த்து, அத்தனையையும் ஒரே காய்ச்சலில் முடித்துவிடுங்கள். அடுத்த காய்ச்சலில் அதே நிறம் வராது.