முதலில் மண் லாரியை நிறுத்துங்கள்

கேள்வி: பெங்களூரில் ஹொரமாவு பக்கம் எங்கள் லேஅவுட்டின் முன்சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டி, ஆறு மாதம் கழித்து மூடினார்கள். மே மாத மழைக்குப் பிறகு சாலையின் இரு ஓரமும் முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியக் களை. மாமியாருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. இப்போது கழுத்திலும் முழங்கையிலும் தீராத அரிப்பு. மருந்தடித்தால் மூன்று ஆண்டுகளுக்கு முளைக்காது, நாற்பதாயிரம் ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். பள்ளமாக இருக்கும் ஓரங்களில் இலவசமாகச் செம்மண்ணும் இறக்கித் தருவாராம். சங்கத்தில் பணம் வசூலித்துவிட்டோம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பணத்தைக்கூட விட்டுவிடலாம், அந்த இலவச மண்ணை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

மூன்று ஆண்டு உத்தரவாதம் என்பது நடக்காத காரியம். இந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் அடிக்கப்படுவது கிளைபோசேட் என்ற களைக்கொல்லி. பச்சை இலை வழியாக உள்ளே போய்ச் செடியைக் கொல்லும். மண்ணில் பட்டால் மண்துகளோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். கீழே கிடக்கும் விதையை அது தொடுவதே இல்லை. நன்றாக வளர்ந்த ஒரு பார்த்தீனியச் செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை உதிர்க்கும். நிற்கிற செடி பத்து நாளில் கருகும், சங்கத்தில் எல்லோரும் மகிழ்வீர்கள், அடுத்த மழைக்கு அதே இடத்தில் புதுச்செடி நிற்கும். அப்போது அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தினர் மூலமாகத்தான் கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. உங்களிடம் வந்தவரிடம் உரிமத்தைக் கேளுங்கள். லேபிளோடு கூடிய புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லியின் பெயர் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள். உடலுக்குள் போனால் அதற்கு முறிவு மருந்து கிடையாது. குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் தெருவில் அதற்கு என்ன வேலை?

இனி மண்ணுக்கு வருகிறேன். பார்த்தீனியம் காற்றில் பறந்து வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் பறக்கும்தான். ஆனால் பெருவாரியாக அது வருவது மழைநீரிலும், டயரில் ஒட்டிய சேற்றிலும், ஜேசிபி வாளியிலும், டிப்பர் லாரி மண்ணிலும். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில்பட்ட இந்தச் செடி இன்று பெங்களூரின் காலி மனைதோறும் 'காங்கிரஸ் கிட' (கன்னடத்தில் 'கிட' என்றால் செடி) என்ற பெயரோடு நிற்கிறதென்றால், அதில் பாதி வழியை நம் வண்டிகளே சுமந்து கொடுத்திருக்கின்றன.

சாலை வேலையில் நடப்பதைக் கவனியுங்கள். ஜேசிபி முதலில் சுரண்டுவது ஓரத்தின் மேல்மண்ணை. விதையெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த மண் குவியலாக மாதக்கணக்கில் கிடக்கும். குவியலின் மேலேயே செடி முளைத்து, பூத்து, உதிர்க்கும். பிறகு ஒரு மண் தரகர் வருவார். ஒப்பந்ததாரருக்குக் குவியல் அகல வேண்டும், அடுத்த லேஅவுட்காரருக்குப் பள்ளம் நிரம்ப வேண்டும். இடையில் இவர் இரண்டு பக்கமும் காசு வாங்குவார், அல்லது ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு மறுபக்கம் 'இலவசம்' என்பார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலையோர நடவு வேலையை நான் மேற்பார்வையிட்டபோது இப்படி வந்த நான்கு லாரி மண்ணை நானே கையெழுத்திட்டு வாங்கினேன். ஆறே வாரத்தில் மரக்கன்றுகள் தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. அந்த ஓரத்தைத் துப்புரவாக்க மூன்று மழைக்காலம் ஆனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மண் தேவைதான் என்றால், ஆழத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். அடுக்குமாடிக் கட்டடங்களின் அடித்தளத்துக்காகத் தோண்டும் கீழ்மண்ணில் விதை மிகக் குறைவு. எங்கே தோண்டியது என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வாளி மண்ணை வாங்கி வந்து, அகலமான தட்டில் பரப்பி, தினமும் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். கேரட் இலைபோலக் கிழிந்த இலைகளோடு நாற்றுகள் தலைகாட்டினால் லாரி வேண்டாம்.

உங்கள் பகுதிப் பொறியாளருக்கு எழுத்தில் ஒரு கோரிக்கையும் கொடுங்கள்: அடுத்த முறை தோண்டும்போது மேல்மண் குழியின் அடியிலும், கீழ்மண் மேலேயும் போக வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்த பார்த்தீனிய விதை முளைத்து வெளியே வருவது அரிது. செலவில்லாத வழி. ஆனால் புதைந்த விதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். நம் ஊரில் குடிநீருக்கு ஒரு துறை தோண்டும், அது மூடிய மறுமாதம் கேபிளுக்கு இன்னொன்று, அதன்பின் வடிகாலுக்கு மற்றொன்று. ஒவ்வொரு முறையும் புதைத்த விதையை வெளிச்சத்துக்குக் கொண்டு வருகிறார்கள். கர்நாடகத்தில் பார்த்தீனியத்தைத் தொல்லைக் களையாக அறிவித்தது 1970களில். அரை நூற்றாண்டு ஆகிறது. இயந்திரத்தின் வாளியைக் கழுவிவிட்டுத் தெருவுக்குள் கொண்டுவர வேண்டும் என்று கேட்டால், இன்றைக்கும் வேற்றுக்கிரகத்து மொழியைக் கேட்பதுபோல் பார்க்கிறார்கள்.

இப்போது நிற்கும் செடிகளை வேரோடு பிடுங்குவதுதான் வழி. மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது பிடுங்குங்கள். புல்வெட்டும் இயந்திரத்தால் அறுக்காதீர்கள். அடிக்கட்டையிலிருந்து பக்கக் கிளைகளோடு மறுபடி வரும். முளைத்து ஒரு மாதத்திலேயே பூத்துவிடும் என்பதால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நவம்பர் வரை விடாமல் செய்ய வேண்டும். பூக்காததை மக்கவைக்கலாம். பூத்ததைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள், எரிக்காதீர்கள். வசூலித்த பணத்தில் கூலி கொடுங்கள், அதற்கு முன் ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுங்கள். பௌரகார்மிகர்களை, அதாவது மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களை, வெறுங்கையால் இந்தச் செடியைப் பிடுங்க வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மாமியாருக்கு வந்த அரிப்பு அவர்களுக்கும் வரும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. பிடுங்கும் முன் இலைகளைப் பாருங்கள். வெளிர்மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகளோடு, அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள வண்டுகள் இலையைச் சல்லடையாக்கிக்கொண்டிருந்தால், அந்தத் திட்டைத் தொடாமல் விடுங்கள். பார்த்தீனியத்தைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்டு, 1984இல் நம் பெங்களூரில்தான் இந்த வண்டு முதலில் விடப்பட்டது. மழைக்காலத்தில் பெருகும், வறண்டதும் மண்ணுக்குள் போய் உறங்கும். சூரியகாந்தியைத் தின்கிறது என்று பின்னர் பெரும் பீதி கிளம்பியது. ஆராய்ந்தபோது, சூரியகாந்தி இலைமேல் உதிர்ந்த பார்த்தீனிய மகரந்தமே வண்டைக் கொறிக்கத் தூண்டியது தெரிந்தது. உங்கள் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஆபத்தில்லை. ஆனால் வண்டு இருக்கும் இடத்தில் எந்த மருந்தும் அடிக்கக் கூடாது. வண்டை மட்டும் நம்பிச் சும்மா இருக்கவும் முடியாது. மற்ற இடங்களில் பிடுங்குவதை நிறுத்தாதீர்கள்.

உப்புக் கரைசல் அடிக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். லிட்டருக்கு 200 கிராம் கரைத்து அடித்தால் செடி கருகும், உண்மைதான். அந்த உப்பு சாலையோர மரத்தின் வேருக்கும் போகும். வேண்டாம்.

பிடுங்கிய இடத்தை வெறுமண்ணாக விடாதீர்கள். அடுத்த மழைக்கு முன் ஊசித்தகரை விதையை நெருக்கமாகத் தூவுங்கள். அடர்ந்து வளர்ந்து, பார்த்தீனிய நாற்றுக்கு வெளிச்சம் விடாது.

மாமியாரை ஓரத்துப் பக்கமே விடாதீர்கள். காய்ந்த செடியின் தூசும் அரிப்பைக் கிளப்பும் என்பதால், பிடுங்கும் நாளில் ஜன்னல்கள் மூடியிருக்கட்டும். வேலை செய்தவர்களின் துணிகளோடு அவர் துணியைச் சேர்த்துத் துவைக்க வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டுக் களிம்பு தடவுவதை விட்டுவிட்டு, தோல் மருத்துவரிடம் அழைத்துப் போய், பார்த்தீனிய ஒவ்வாமைக்கான ஒட்டுப் பரிசோதனை (பேட்ச் டெஸ்ட்) செய்ய முடியுமா என்று இந்த வாரமே கேளுங்கள். இளைப்புக்குப் பார்க்கும் மருத்துவரிடமும் செடியைப் பற்றிச் சொல்லுங்கள்.