ரேஸ் கண்டிஷன் இருக்குன்னு தெரிஞ்சே ரிலீஸ் பண்ணலாமா?

கேள்வி: சார், பெங்களூரு மாரத்தஹள்ளில பிஜில இருக்கேன். ஆபீஸ் முடிச்சுட்டு ராத்திரி உக்காந்து கோ லாங்குவேஜ்ல ஒரு ஜாப் க்யூ லைப்ரரி எழுதினேன், அதாவது வேலைங்கள வரிசைல வச்சு, பின்னாடி ஓடுற வொர்க்கருங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற கோடு. ரெண்டு பக் இருக்கு. ஷட்டவுன் பண்றப்ப சில சமயம் அப்படியே தொங்கிடுது. லோடு ஏறினா ஒரே வேலைய ரெண்டு வொர்க்கர் எடுத்துடுது. சரி பண்ண மாசக்கணக்காகும். அப்படியே ஓப்பன் சோர்ஸா விட்டுடலாமா?

பதில்: விடுங்க தம்பி, ஆனா அந்த ரெண்டாவது தப்ப இப்ப இருக்குற மாதிரியே விடாதீங்க.

மொத பக் டெட்லாக். சில்க் போர்டு ஜங்ஷன்ல நாலு பக்கமும் வண்டி மூக்க நுழைச்சுட்டு, நீ நகந்தாதான் நான் நகருவேன்னு நிக்குமே, அதேதான். எரிச்சல்தான், ஆனா நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும், கில் பண்ணிட்டு திரும்ப ஓட்டுவாங்க. லைப்ரரியோட வர்ற ரீட்மீ விளக்கக் குறிப்புல மேலேயே அத எழுதி, இன்னும் முழுசாகலைன்னு காட்ட 0.1னு நம்பர் போட்டு விடுங்க, போதும்.

ரெண்டாவது ரேஸ் கண்டிஷன், ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒண்ணு மேல கை வைக்குறது, இதுதான் ஆபத்து. பொங்கலுக்கு ஊருக்குப் போற பஸ்ஸுக்கு ரெண்டு கவுன்டர்ல ஒரே நேரத்துல சார்ட்ட பாத்து, 23ம் நம்பர் சீட்டு காலியா இருக்குன்னு ரெண்டு பேருமே டிக்கெட் கிழிச்சுட்டா அந்த நிமிஷம் யாருக்கும் ஒண்ணும் தெரியாது, பையோட ரெண்டு குடும்பம் ஏறி நிக்குறப்பதான் தெரியும். உங்க லைப்ரரிய எவனாவது பணம் பிடிக்குற இடத்துல போட்டான்னா கஸ்டமருக்கு ரெண்டு தடவ பணம் போயிருக்கும், ப்ரோகிராம் எழுதி வைக்குற பதிவுல எல்லாம் சக்சஸ்னு இருக்கும். அதனால டீஃபால்ட்டா ஒரே வொர்க்கர்னு வச்சுடுங்க. அதுக்கு மேல வேணும்னா எடுக்குறவங்க தெரிஞ்சே ஒரு ஆப்ஷன ஆன் பண்ணட்டும்.

கோல ரேஸ கண்டுபிடிக்க இருக்குற டூலான ரேஸ் டிடெக்டர் ஓட்டினேன், கிளீனா வந்துச்சுன்னு சொல்லாதீங்க. அது அந்த ஓட்டத்துல நடந்ததத்தான் பிடிக்கும். அதோட நீங்க "காலியா?"ன்னு பாக்குறதுக்கு ஒரு லாக் (ஒரு நேரத்துல ஒருத்தன மட்டும் உள்ள விடுற பூட்டு), எடுக்குறதுக்கு தனியா ஒரு லாக்னு போட்டிருந்தா டிடெக்டர் வாயே திறக்காது, நடுவுல இன்னொருத்தன் பூந்துடுவான். பாக்குறதும் எடுக்குறதும் ஒரே லாக்குக்குள்ள நடக்கணும்.

ஒரு விதிவிலக்கு இருக்கு, இத நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறதால நிதானமா சொல்றேன். ரெண்டு தடவ செஞ்சாலும் கெடுதல் இல்லாத வேலைன்னா, போட்டோவ சின்னதாக்குறது மாதிரி, உங்க பக் பக்கே இல்ல. அமேசானோட க்யூ சர்வீஸான எஸ்க்யூஎஸ்ல, ஸ்டாண்டர்ட் க்யூலயே ஒரு மெசேஜ் எப்பவாவது ரெண்டு தடவ வரலாம்னு டாக்குமென்ட்லயே சொல்லியிருக்காங்க. நீங்களும் அப்படி வெளிப்படையா எழுதிட்டா அதுதான் உங்க வாக்கு. ஆனா ரெண்டு தடவ ஓடுறது வேற, ரெண்டு வொர்க்கர் ஒரே டேட்டா மேல எழுதி பாதி அவன்து பாதி இவன்துன்னு ஆகுறது வேற. பாதி பாதி ஆகுதுன்னா இந்த விதிவிலக்கு செல்லாது. அது நடக்கலைன்னு முதல்ல உறுதி பண்ணிக்கோங்க.

"சோர்ஸ் வெளிய இருக்கு, யாராவது பாத்து சரி பண்ணிடுவாங்க"ன்னு நம்பாதீங்க. லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல டர்ட்டி கவ்னு பேர் வாங்கின ரேஸ் 2007ல இருந்து 2016 வரைக்கும் கிடந்துச்சு. அத்தன கண்ணு பாக்குற கோட்லயே இதுதான் கதி.

அடுத்து இந்த கிட்ஹப் ப்ரொஃபைல் ஏத்தி விடுறோம்னு வர்ற ஏஜென்ட்டுங்க. ஸ்டார் (பிடிச்சிருக்குன்னு மத்தவங்க போடுற குறி) வாங்கித் தர்றேம்பான், அதோட "நோன் இஷ்யூஸ்னு, அதாவது தெரிஞ்ச தப்புங்கள எழுதாத, ரெஸ்யூமே கெட்டுடும்"னும் சொல்வான். பத்து பைசா குடுக்காதீங்க. நான் இன்டர்வியூ எடுக்குறப்ப அந்தப் பகுதியத்தான் மொதல்ல படிப்பேன். ஸ்டார எண்ணி ஆள் எடுக்குற கம்பெனிங்க இருக்குற வரைக்கும் இவனுங்களுக்கும் பொழப்பு ஓடும், அதான் வயிறு எரியுது.

ஓப்பன் சோர்ஸுக்கு நிறைய பேர் போடுற எம்ஐடி லைசென்ஸ்ல உத்தரவாதம் இல்லன்னு இருக்கே, அது போதாதான்னு கேப்பீங்க. வழக்கு வந்தா அது உங்களுக்கு உதவலாம். ரெண்டு தடவ பணம் போனவருக்கு அதால என்ன பிரயோஜனம்? ரிலீஸ் டேக் போட்டு வெளிய விடுறதுக்கு முன்னாடி அந்த ரேஸ் எத்தன வொர்க்கர்ல, எவ்வளவு லோடுல வருதுன்னு ஒரு டெஸ்ட் எழுதி அதையும் சேத்து வெளிய விடுங்க, சரி பண்ண வர்றவனுக்கு அங்க இருந்துதான் ஆரம்பிக்க முடியும்.