மழைக்கு வீட்டோட கிடக்கிற தாய் தகப்பன்மாருக்கு

மாரி மழை, பள்ளிக்கூடம் பூட்டு, ரோட்டெல்லாம் தண்ணி. புள்ளையளப் பத்தி இல்ல, உங்களப் பத்திக் கேளுங்க எண்டு சொல்லியிருந்தன், அப்பிடியும் பாதிப்பேர் புள்ளையளப் பத்தித்தான் கேட்டிருக்கீங்க, அதெல்லாம் மறுகா பாப்பம். நான் மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம் உளவளத்துணை வேல செய்யிற ஆள், ரெண்டு புள்ளைக்குத் தாய்.

கேள்வி (கிரான்): அக்கா, புலிபாய்ஞ்சகல் ரோட்டுக்கு மேலால தண்ணி பாயுது, பத்து நாளா மூண்டு புள்ளையளோட வீட்டுக்குள்ள. விடிய ஒழும்பினதில இருந்து கத்துறன், மறுகா அதுகள் நித்திரையானாப் பிறகு மூஞ்சயப் பாத்துப் பாத்து அழுறன். நான் கெட்ட தாயா?

பதில்: இல்லகா. 2020 மார்ச்சில ஊரடங்கு போட்டு வீட்டோட இருக்கக்குள்ள, ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற நானே ஒரு நாள் சொதி அகப்பையத் தூக்கிச் சுவரில எறிஞ்சன், அந்த மஞ்சக்கறை கனநாள் கிடந்துது. புள்ளை பால ஊத்தினதுக்குத்தான் கத்துறம் எண்டு நினைப்பம், ஆனா அதுக்கு முதலே ராவு நித்திர இல்ல, எல்லாரும் திண்டு மிஞ்சின ஆறின சோறுதான் சாப்பாடு, பெரிய ஆள் ஒருத்தரோட ரெண்டு வசனம் கதைச்சு எத்தின நாள். அதால முதல் வேல, புள்ளையளோட சேந்து சுடச்சுட நீங்களும் சாப்பிடுங்க. ராவைக்கு அதுகள் படுத்தாப் பிறகு பன்னெண்டு மணிமட்டும் போன் பாக்கிறீங்கதானே, எனக்கெண்டு கிடைக்கிற நேரம் அது ஒண்டுதான் எண்டு சொல்லுவீங்க, விளங்குது, பாதிய நித்திரைக்குக் குடுங்க. கத்த வருதெண்டா அடுப்படிக்குப் போய் முகத்தக் கழுவிப்போட்டு, நாலு எண்ணி மூச்ச இழுத்து ஆறு எண்ணி விடுங்க, விடுற மூச்சு நீண்டா நெஞ்சுத் துடிப்பு மெல்ல இறங்கும், அஞ்சாறு தரம் போதும். அப்பிடியும் கத்திப்போட்டீங்களா, “அம்மா களைப்பில கத்திட்டன், உன்னில பிழையில்ல” எண்டு புள்ளைக்கிட்டச் சொல்லுங்க. அது நித்திரையானாப் பிறகு இல்ல, முழிச்சிருக்கக்குள்ள.

கேள்வி (அக்கரைப்பற்று): மிஸ், எனக்கு நாலு மாசப் புள்ள இரிக்கி. பகல்ல கொஞ்சம் சாஞ்சா மாமி சோம்பல்ண்டு சொல்றா. ஒரு மாசமா ஒண்டிலயும் மனசில்ல, புள்ளையத் தூக்கவும் விருப்பமில்லாமக் கிடக்கு.

பதில்: தங்கச்சி, இதக் கொஞ்சம் கவனமா வாசிங்க. புள்ளை பிறந்த புதுசில அழுகை வாறது கனபேருக்கு இருக்கிறதுதான், ரெண்டு கிழமைக்குள்ள அது தெளிஞ்சிரும். ஒரு மாசமாத் தொடருது எண்டா அது சோம்பலும் இல்ல, ஈமான் குறைஞ்சதும் இல்ல, பேறுக்குப் பிறகு வாற மனச்சோர்வா இருக்கலாம், சுகப்படுத்தக்கூடிய வருத்தம். உங்கட ஏரியா மிட்வைஃப் மிஸ்ஸிக்கு இண்டைக்கே கோல் எடுத்துச் சொல்லுங்க, கிளினிக் நாளுக்குப் பாத்துக்கொண்டு இருக்க வேணாம். 1926 எண்ட தேசிய மனநல உதவி நம்பருக்கு ராவு பகல் எந்த நேரமும் கதைக்கலாம், தமிழில கதைக்க ஆள் கேளுங்க. உங்களுக்கோ புள்ளைக்கோ ஏதும் செஞ்சிருவனோ எண்ட நினைப்பு வந்தா ஒருத்தரக் கூட்டிக்கொண்டு நேர ஆஸ்பத்திரி. மாமிக்கிட்ட நான் கதைக்கிறதெண்டாலும் கதைக்கிறன்.

கேள்வி (கல்முனை): போனக் குடுத்துட்டு அரை மணித்தியாலம் படுத்தாப் பாவமா?

பதில்: குடுங்க, படுங்க. வெளிக்கதவையும் கிணத்து மூடியையும் மட்டும் பூட்டிப்போட்டு, ஆரும் ஒராள் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லிப்போட்டு. வாசல்ல தண்ணி நிக்கிற நேரம் இது.

கேள்வி (வெல்லாவெளி): அக்கா, வெள்ளாமை முழுக்கத் தண்ணிக்குள்ள. எந்த நேரமும் போனில வெள்ளச் செய்திதான் பாக்கிறன், புள்ளையள் கிட்ட வந்தா எரிஞ்சு விழுறன். ஆம்புளைக்கும் இதுக்கு மருந்திருக்கா?

பதில்: இருக்கு தம்பி, கேட்டதே பெரிய விசயம். எங்கட அப்பா 1978ல அடிச்ச சூறாவளிக்குப் பிறகு தலைவாசலக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு மாசக்கணக்காக் கதையில்லாம இருந்தாராம், அம்மா இண்டைக்கும் அதச் சொல்லிச் சொல்லிக் கவலப்படுவா, கூரை போனத விட அதுதான் அவவுக்குப் பெரிசு. நீங்க சும்மா ஆறுதலா இருங்க எண்டு சொன்னா எனக்கே சிரிப்பு வரும், கடன் தலைக்கு மேல நிக்கக்குள்ள எப்பிடி ஆறுதல்? செய்தி விடியவும் பொழுதுபடவும் ரெண்டு தரம் போதும், நீங்க பாத்தாத் தண்ணி வத்தாது. கடன் எவ்வளவெண்டு ஒரு கொப்பியில எழுதி மனிசிக்குக் காட்டுங்க, அவவுக்குத் தெரியாதெண்டு நீங்க நினைக்கிறீங்க, அவ அரைவாசியக் கண்டுபிடிச்சு மிச்சத்துக்கு உங்கள விடப் பயந்துகொண்டிருப்பா. தண்ணி வத்தக்குள்ள கமநல சேவை நிலையத்தில சேதத்தச் சொல்லிப் பதிஞ்சு வையுங்க. எலிக்காய்ச்சல் இருக்கு, வயலுக்குள்ள இறங்க முதல் பிஎச்ஐ எண்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கிட்டக் கேட்டுக் குளிச எடுங்க. பின்னேரத்தில ஒரு மணித்தியாலம் புள்ளையளப் பாக்கிறது உங்கட வேல, அந்த நேரம் மனிசி எங்கயெண்டு கேக்கக்கூடாது.

கேள்வி (காத்தான்குடி): ஒரு நாளைக்கு ஏழெட்டு பிளேன்டீ குடிச்சுத்தான் நிக்கிறன், நித்திரயே வருதில்ல.

பதில்: பிறகெப்பிடி வரும் ராத்தா! பின்னேரம் மூணு மணியோட நிப்பாட்டுங்க, தேயிலைச் சாயத்தில இருக்கிற கஃபீன் பாதி குறையவே அஞ்சு மணித்தியாலம் மட்டில எடுக்கும். அதுக்குப் பிறகு கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கலாம், அதையும் நீங்களே அவிக்கோணும் எண்டில்ல, மூத்தவன் பெரிசுதானே.