அப்பாவின் கட்டிலருகே அம்மா நிற்கலாமா?

கேள்வி: அப்பா இதய நோயாளி. போன முறை ஆஸ்பத்திரியில் திரையை இழுத்துவிட்டு அம்மாவை வெளியே அனுப்பிவிட்டார்கள். இனி அவருக்கு இதயம் நின்று நெஞ்சை அமத்தும் நிலை வந்தால், அம்மா உள்ளே நிற்கலாமா? டொக்டர்மாருக்கு இடைஞ்சலா? – வாசகி, வெள்ளவத்தை

கேட்டுப் பார்த்து நிற்கலாம். இடைஞ்சல் என்பது எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் பழக்கதோஷத்தில் சொல்வது. வீட்டில் இதயம் நின்றவர்களின் உறவினர் 570 பேரை வைத்து பிரான்ஸில் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பக்கத்தில் நிற்க அழைக்கப்பட்டவர்களுக்குப் பிறகு மன அதிர்ச்சி குறைவாக இருந்தது, சிகிச்சையும் கெடவில்லை. இங்கேயோ புதுக் கட்டடம் கட்டினால் திறப்பு விழாக் கல்லுக்கு இடம் இருக்கும், ஓர் உறவினர் நிற்க நாலடி இராது. நடப்பதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் கேட்டால், அது பேராசை!

வாசலில் சண்டை பிடிக்காமல், பொறுப்பான டொக்டரிடமோ மிஸ்ஸியிடமோ "அம்மா மட்டும், போகச் சொன்னால் போய்விடுவா" என்று கேளுங்கள். முடிவு அவர்களுடையது. அம்மாவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்: சட்டையை வெட்டுவார்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை நெஞ்சு ஐந்து சென்ரிமீற்றர் இறங்க அமத்துவார்கள், விலா எலும்பு முறியும் சத்தம்கூடக் கேட்கலாம்.

அப்பாவின் கையைப் பிடித்திருக்க விட்டால் பிடிக்கட்டும், இதயத்துக்கு மின்சார ஷொக் கொடுக்கும் நேரம் தவிர. "விலகுங்கோ" என்றதும் கையை விட வேண்டும். கையை மட்டுமல்ல, கட்டில் கம்பியையும். சேலைத் தலைப்பு கட்டிலில் கிடந்தாலும் இழுத்துக்கொள்ளட்டும். டொக்டரும் அப்போது தொடமாட்டார். ஷொக் முடிந்து சொன்ன பிறகு திரும்பப் பிடிக்கலாம்.

அப்புறம், வாசலில் நிற்பவர்கள். "ஆயிரம் ரூபா தாங்கோ, உள்ளே விடுறன்" என்பவனுக்கு அந்த அறையில் ஒரு அதிகாரமும் இல்லை. அவனைவிட மோசமானவன், மலர்ச்சாலைக்கு ஆள் பிடிக்கிறவன். உள்ளே இன்னும் நெஞ்சை அமத்திக்கொண்டிருப்பார்கள், இவன் வெளியே பெட்டி விலை சொல்வான். "போஸ்ட்மோட்டம் இல்லாமல் உடலை எடுத்துத் தாறன்" என்பான். திடீர் மரணமென்றால் அதை முடிவு செய்வது மரண விசாரணை அதிகாரியும் நீதிமன்றமும்தான். அவனிடம் காசோ அடையாள அட்டையோ கொடுக்காதீர்கள்.

வீட்டில் உணர்வும் சரியான மூச்சும் இல்லாமல் விழுந்தால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், வண்டி வரும்வரை நீங்களே நெஞ்சை அமத்துங்கள். அப்பாவின் குளிசைகளை எழுதிய துண்டை அம்மாவின் கைப்பையில் இன்றைக்கே வையுங்கள்.