3 லட்சத்தில் சமையலறை: எதைத் தள்ளிப்போடுவது?

சமையலறை வேலைக்கு 5.2 லட்சம் மதிப்பீடு வந்திருக்கிறது, கையில் 3 லட்சமே உள்ளது, எதைத் தள்ளிப்போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அக்ரிலிக் கதவுகளையும் ஆளுயர அலமாரியையும் தள்ளிப்போடுங்கள். கையிலுள்ள 3 லட்சத்தில் குழாய், மின்கம்பி, கீழ் அலமாரிப் பலகை ஆகியவற்றைக் குறையில்லாமல் முடித்துவிடுங்கள். கதவைப் பின்னர் கீலோடு கழற்றி மாற்றலாம், ஆனால் கிரானைட் மேடை ஏறியபின் அடியிலுள்ள பெட்டியைத் தொட மேடையையே பெயர்க்க வேண்டிவரும்.

மதிப்பீடு 5.2 லட்சமானதற்கு, கீழ்வரிசை முழுவதற்கும் இழுப்பறை கேட்டதே பெரும்பாலும் காரணம். அடுப்புக்கு அருகில் இரண்டு போதும். மற்றவற்றுக்குத் தட்டும் கதவும் வைக்கலாம். மேடைக்குக் குவார்ட்ஸ் கல்லும் வேண்டாம், கொதிக்கும் குக்கரை நேரே இறக்கிவைத்தால் கல்லிலுள்ள ரெசின் என்ற பிசின் நிறம் மாறக்கூடும்.

சிங்க்குக்குப் பின்சுவர் பொருமியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்: உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது. அதைச் சரிசெய்யாததால், எங்கள் வீட்டில் பின்பலகை இரண்டே மழைக்காலத்தில் அப்பளம்போல் உப்பி, ஆணி பிடிக்காமல் உதிர்ந்தது. ஐ.எஸ். 710 (நீர் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரநிலை) முத்திரையுள்ள பலகையே ஆனாலும் ஓயாத கசிவைத் தாங்காது.

ஒன்று மட்டும்: கசிவு பழைய இரும்புக் குழாயிலிருந்து என்றால், சுவர் டைல்ஸை உடைத்துப் பார்க்கும்வரை செலவு தெரியாது. ஆகவே 30,000 ரூபாயைத் தனியே ஒதுக்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.