வேலை முடியட்டும், பூனை அப்புறம் வரட்டும்

சமையலறையில் டைல்ஸ் மாற்றும்போதே பூனையைக் கூட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்தால் பெயிண்ட் வாடை போகும்வரை தள்ளிப்போடுங்கள். புது இடத்துக்கு வரும் பூனை முதலில் ஒளியத்தான் இடம் தேடும், அந்த நேரத்தில் டிரில் சத்தமும் கேட்டால் மிரண்டுபோய், சாமான் ஏற்றத் திறந்து வைத்த வாசல் வழியாக ஓடிவிடும், அதற்குத் திரும்பி வர வழி தெரியாது, பாவம்.

தள்ளிப்போடவே முடியாதா? சரி, சத்தத்திலிருந்து விலகிய ஒரு அறையை அதற்கே விட்டுவிடுங்கள்: மணல் தட்டு, தண்ணீர், சாப்பாடு, நுழைந்து படுக்க ஒரு அட்டைப்பெட்டி. கதவில் 'பூனை இருக்கிறது, திறக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டுங்கள். ஈர சிமெண்ட் பாதத்தில் பட்டால் தோல் வெந்துவிடும், நக்கினால் வாயும் புண்ணாகும். உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் பொந்தை அடைக்கும் முன் பூனை எங்கே என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.