மில் ஹாஸ்டலிலிருந்து குரூப் 4: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறேன். வயது 19. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாவது முடித்ததும், வீட்டுக் கடனை அடைக்க இங்கே வந்துவிட்டேன். மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். குரூப் 4 எழுதி அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் என் கனவு. கோச்சிங் சேரப் பணமில்லை. முடியுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முடியும், சகோதரி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது தேர்ச்சி போதும். ஒரே எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு இல்லை. கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு 21 வயது நிரம்ப வேண்டும். இளநிலை உதவியாளருக்கு 18 போதும். கோச்சிங்குக்காக வேலையை விட்டுவிடாதீர்கள்.

மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பலர் பொது அறிவை விழுந்து விழுந்து படித்துவிட்டு இங்கேதான் சறுக்குகிறார்கள். எனவே முதல் மூன்று மாதம் தமிழுக்கே கொடுங்கள். 6 முதல் 10 வரையிலான பாடநூல்கள் பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைடு வாங்க வேண்டாம். இலக்கணத்தில் தொடங்குங்கள். 'வந்தான்' என்பதன் வேர்ச்சொல் 'வா'. அவசரத்தில் 'வந்' என்று குறித்துவிடுவார்கள்.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதுப் பாடம் எடுக்காதீர்கள், தலையில் ஏறாது. முந்தைய வாரம் படித்ததைச் சின்ன அட்டைகளில் எழுதி, சாப்பாட்டு இடைவேளையில் திருப்பிப் பாருங்கள். மெஷின் ஓடும்போது மட்டும் அட்டையை எடுக்கவே கூடாது. கண் விலகினால் கை போய்விடும். பகல் ஷிஃப்ட் வாரங்களில் தினமும் ஒன்றரை மணி நேரம் போதும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம், பெண்களுக்கு 30 சதவீதம் இட ஒதுக்கீடு உண்டு. முதலாவதைப் பெற 1 முதல் 10 வரை தமிழ் வழியில் படித்த சான்று வேண்டும். இரண்டு பள்ளிகளில் படித்திருந்தால் இரண்டிலும் வாங்க வேண்டும். அடுத்த விடுமுறையிலேயே போய் வாங்கிவிடுங்கள். கடைசி நேரத்தில் லீவு கிடைக்காது.

தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். பதிவு செய்தாலே விண்ணப்பித்ததாக ஆகாது. அறிவிப்பு வரும்போது தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தெரியாமல் ஒரு வருடத்தையே இழந்தவர்கள் உண்டு.

தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. எனவே எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக் கூடாது.

கேள்வி: கணக்கு என்றாலே பயம். குரூப் 4 தேர்வில் வரும் 25 கணக்குக் கேள்விகளை விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: விடாதீர்கள், தம்பி. அது 37.5 மதிப்பெண். சதவீதம், விகிதம், தனிவட்டி, ஆள்-நாள் கணக்கு, இந்த நான்கை முதலில் பிடியுங்கள். ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 6 நாளிலும் முடித்தால், சேர்ந்து செய்ய எத்தனை நாள்? பெருக்கினால் 72, கூட்டினால் 18, வகுத்தால் 4 நாள். இப்படித் தினம் ஐந்து கணக்கு, படிகளை எழுதியே போடுங்கள். மனக்கணக்காகப் போட்டால் எங்கே பிசகியது என்று தெரியாமலே போய்விடும்.